மச்சாள்மார் இல்லாத தீவு

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 'மாதிரி' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சொன்னவருக்கு இரண்டாவது துண்டு கிடையாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் பிராங்பேர்ட்டில் குப்பையைப் பிரித்துப் போடுகிற சட்டத்தைவிடக் கறாராக அது அமலில் இருந்தது.

எனக்கு அது வந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று. தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்க வந்து, அறை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் அக்கா வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்திருந்தேன். கூடப்பிறந்த அக்கா அல்ல, யாழ்ப்பாணத்திலிருந்து மணப்பெண்ணாக ஜெர்மனிக்கு வந்தவர். விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்குகிற சமையற்கூடத்தில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு தட்டில் வெள்ளை வெள்ளையாகச் சதுரத் துண்டுகளை வைத்து என் முன் நீட்டினார். தேங்காய்ப்பால், சர்க்கரை, சோளமாவு, அவ்வளவுதான். வாயில் வைத்ததும் குளிர்ச்சியாக நழுவியது. பாராட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த உயர்ந்த பாராட்டைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல ஆப்பத்துக்குத் தேங்காப்பால் ஊத்துவாங்கக்கா. அப்படியே அது மாதிரியே இருக்கு."

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டவனிடம் ரயில் பரிசோதகர் நடந்துகொள்கிற மரியாதைதான்.

"இது ஹவுபியா, தம்பி. ஹவாய்ச் சாமான். வேற ஒண்டு மாதிரியும் இல்லை."

எதிரில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். நான் அண்ணன் என்று அழைப்பேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், தன்னுடைய இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார். அந்த மேசையில் வாழத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஹவுபியா மட்டுமல்ல. ஒட்டரிசி மாவில் வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஓவனில் வேகவைக்கிற, ரப்பர் போல இழுபடும் ஒரு கேக் உண்டு. போர்த்துக்கீசியர் ஹவாய்க்குக் கொண்டுபோன, சர்க்கரையில் புரட்டிய பொரித்த உருண்டையும் உண்டு. மரவள்ளி, சேம்பு என்று கிழங்கு கிடைத்த நாட்களில் அதற்கும் ஹவாயில் ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவார். தமிழ்ப் பலகாரம் எதையும் அந்த வீட்டில் நான் தின்றதில்லை. பொங்கலன்று பொங்கல்கூட அண்ணன்தான் வைத்தார். அக்கா பக்கத்தில் நின்று, "நான் இதில இல்லை" என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

செய்முறைகள் எல்லாம் அங்கே குடியிருக்கும் பெண்கள் இணையத்தில் எழுதுபவை. ஆங்கிலத்தில் இருக்கும். அளவெல்லாம் கோப்பைக் கணக்கு, சூடு ஃபாரன்ஹீட். அக்காவுக்கு ஜெர்மன் நன்றாக வரும், ஆங்கிலம் மட்டு. வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அம்மா ரேஷன் கடையில் இன்றும் கைநாட்டு. அதனாலோ என்னவோ, எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு பயபக்தி. 'ஒரு கோப்பை' என்றிருந்தால் அது எந்த நாட்டுக் கோப்பை, எத்தனை கிராம் என்று முடிவு தெரியாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன். அக்காவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஏலக்காய் போடலாமா என்று ஒருமுறை அண்ணன் சும்மா கேட்டதற்கு, "தம்பி, அதில ஏலக்காய் எண்டு போட்டிருக்கோ?" என்றார். இல்லை என்றேன். "கேட்டியளே?" என்று அண்ணனைப் பார்த்தார். ஏதோ நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்னதுபோல் இருந்தது.

இந்தச் சட்டம் தமிழருக்கு மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. மேல்மாடியில் ஒரு ஜெர்மன் மூதாட்டி இருந்தார். சர்க்கரை உருண்டையை அவருக்குக் கொடுத்தபோது, "அட, நம்ம ஊர் கிரெப்பல் மாதிரியே இருக்கிறதே" என்று மகிழ்ந்துபோனார். இந்தப் பக்கத்தில் திருவிழாக் காலத்தில் விற்கும் பொரித்த பன் அது. அதற்குப் பிறகு மேல்மாடிக்குத் தட்டு ஏறவில்லை. வேலையிடத்தில் ஒருத்தி, ஹவாய் என்றால் அன்னாசி எங்கே என்று கேட்டாளாம். ஜெர்மனியில் ரொட்டித் துண்டின்மேல் அன்னாசி வளையத்தை வைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஹவாய். அக்கா அவளுக்கு மறுநாள் ஒரு தகர டப்பா அன்னாசி வாங்கிக் கொடுத்து, "உன் ஹவாய் இது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இவ்வளவு வைராக்கியம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணன்தான் ஒருநாள், காலிப் போத்தல்களைக் கடையில் திருப்பிக் கொடுக்க இருவரும் நடந்துபோனபோது சொன்னார்.

கல்யாணமாகி வந்த புதிதில், அண்ணனுடைய அக்கா மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. அண்ணனுடைய அக்கா என்றால் நம் அக்காவுக்கு மச்சாள். எங்கள் ஊர்ப் பேச்சில் நாத்தனார். மண்டபம் பிடித்து, வீடியோக்காரர் வைத்து, பெரிய எடுப்பில் நடந்தது. புதுப்பெண்ணும் ஆசையாகப் பயற்றம் பணியாரம் சுட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு போனார். மச்சாள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தார். "பரவாயில்லை, பழகினா வரும்" என்றாராம். தட்டு சபைக்குப் போகவில்லை. மண்டபத்துச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. சின்னப் பிள்ளைகள் வந்து வந்து எடுத்துத் தின்றார்கள்.

"அந்த வீடியோ இண்டைக்கும் இருக்கு" என்றார் அண்ணன். "எல்லாற்ற தட்டும் வரிசையாப் போகும். இவவின்ர தட்டு மட்டும் இல்லை. அதைப் போட்டுப் போட்டுப் பார்ப்பா."

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் முயன்றிருக்கிறார். தொதல் கிண்டினால் அம்மா கிண்டுகிற மாதிரி இல்லை என்றார்கள். வட்டிலப்பம் செய்தால் கொழும்பு ஆட்கள் செய்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எந்தப் பலகாரத்தைத் தொட்டாலும் அதை அவரைவிட நன்றாகச் செய்த ஒருத்தி எங்கேயோ இருந்தாள், பெரும்பாலும் செத்துப்போயிருந்தாள். செத்தவளோடு யார் போட்டி போடுவது?

பிறகு ஒருநாள் அக்காவிடமே கேட்டேன். உலகத்தில் இத்தனை நாடு இருக்க ஏன் ஹவாய் என்று. அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"ஹவாயில எங்கட ஆக்கள் இருக்கினமோ, தம்பி?"

நான் யோசித்து, அதிகம் இருக்கமாட்டார்கள் என்றேன். அங்கே ஒரு சிவன் கோயில் இருக்கிறதாமே என்று அண்ணன் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"கோயில் இருக்கட்டும்" என்றார் அக்கா. "மச்சாள்மார் இருக்கினமோ?"

அந்தக் கணக்கு சரியாகவே வேலை செய்தது என்பதை நானே பார்த்தேன். மச்சாள் ஞாயிறு தவறாமல் வருவார். நல்ல உயரம், முதியோர் இல்லத்தில் வேலை, காது கேளாதவர்களோடு பேசிப் பேசி எந்த மொழியிலும் சத்தமாகவே பேசுவார். தேத்தண்ணியில் சீனி கூட என்பார். யன்னல் சீலை நிறம் சரியில்லை என்பார். ஆனால் ஹவுபியாத் தட்டு வந்தவுடன் அவர் குரல் தாழ்ந்துவிடும். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதோடு வைத்துப் பார்ப்பது, யாரை நினைத்துக்கொண்டு குறை சொல்வது என்று தெரியாது. "என்னவோ, ஹவாயாம்" என்று சொல்லி விழுங்கிவிடுவார். அந்த ஒரு நிமிடம் அக்கா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் முழுக்க அவர் உழைப்பது அந்த ஒரு நிமிடத்துக்குத்தானோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து நகரமான மைன்ஸில் படித்துக்கொண்டிருந்த அக்காவின் மகள், தான் ஒருவனை விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னாள்.

நான் எழுந்துபோகப் பார்த்தேன். அண்ணன் என் தோளை அமுக்கி உட்காரவைத்தார். சண்டை வந்தால் வெளியாள் ஒருவன் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார். சண்டை வரவில்லை. பெடியன் தமிழன் இல்லை என்றாள். அக்கா தலையாட்டினார். கோயிலுக்குப் போகிறவன் இல்லை என்றாள். அதற்கும் தலையாட்டினார். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை என்ன செய்யும் என்று ஏற்கெனவே மனத்தைத் தயார்செய்து வைத்திருந்தார்போல. கடைசியில், யாழ்ப்பாணத்துத் தாய் யாரும் கேட்காமல் விடாத கேள்வியை மட்டும் கேட்டார்.

"தகப்பன் எந்த ஊர்?"

மகள் மேசையில் இருந்த தட்டைப் பார்த்தாள். தட்டில் ஹவுபியா.

"அம்மா... ஹவாய்."

அண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எந்த ஹவாய்?" என்றார் அக்கா.

"ஒரு ஹவாய்தானே அம்மா இருக்கு."

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, வீஸ்பாடன் பக்கம் வேலைக்கு வந்து, ஒரு ஜெர்மன் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட மனிதராம். மற்ற வீடுகளில் பிள்ளைகள் சாதியை, மதத்தை மறைப்பார்கள். இவள் ஒரு வருடமாக ஒரு தீவை மறைத்து வைத்திருந்தாள். அக்கா ஹவுபியாத் தட்டை மூடிவைத்தார். பிறகு, "அவருக்குச் சமையல் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். மகள், தெரியாது என்றாள். "அவற்ற தாய்க்கு?" நன்றாகத் தெரியுமாம், ஆனால் இப்போது உயிரோடு இல்லையாம்.

அக்காவின் முகம் அப்போதுதான் வாடியது. தெரிந்த கதைதான். இன்னொரு செத்துப்போன சமையற்காரி வந்துவிட்டாள்.

பெடியன் வீட்டார் வருகிற ஞாயிறு குறிக்கப்பட்டது. மாலைக் கோப்பிக்கு வருகிறார்கள். என்ன இனிப்பு வைப்பது என்பதுதான் பிரச்சினை. மகளுடைய கல்யாணம், மொழி, சடங்கு எதுவும் அந்த வாரம் பேசப்படவில்லை. தமிழ்ப் பலகாரம் வைத்தால் மச்சாள் இருக்கிறார். ஹவுபியா வைத்தால் சம்பந்தி இருக்கிறார். பேக்கரியில் கேக் வாங்கிவைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். "அப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்து எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுவினம்" என்றார். அதுவும் சரிதான்.

தினமும் வேலையிலிருந்து வந்து ஒரு சட்டி கிண்டினார். சோளமாவைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். நானும் அண்ணனும் அதைத் தின்றோம். சனிக்கிழமை என் முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்கள் பொய் சொல்லமாட்டியள். இது சரியோ?"

"அக்கா, நான் ஹவுபியாவை இந்த வீட்டுல மட்டும்தான் சாப்பிட்டிருக்கேன். சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதாலதானே இவ்வளவு காலமும் நிம்மதியா இருந்தனான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சம்பந்தி நல்ல பருமன், மெதுவாகப் பேசுகிறவர். சட்டையில் பூப்போட்டிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சாம்பல் நிறச் சட்டைதான் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், யாரும் சொல்லாமலே. மச்சாளுக்கு அதில் ஒரு திருப்தி. பெடியனும் அவன் தாயும் அக்காவின் மகளும் ஒரு பக்கம்; நாங்கள் மறுபக்கம். அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தட்டு மேசையில் டக்கென்று இடித்தது. தட்டில் இருந்த துண்டுகள் அசையவில்லை.

சம்பந்தி முட்கரண்டியைத் தொடாமல் கையால் ஒன்றை எடுத்தார். வாயில் போட்டார். பிறகு கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே எதிர்க் கட்டடத்தின் சைக்கிள் கொட்டகைதான் இருந்தது. நன்றாக இருக்கிறது, நன்றி என்று ஜெர்மனில் சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் விருந்தாளி ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டு நான் பார்த்தேயிராத அக்கா, அன்று கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்றார். பெடியன் தகப்பனின் முழங்காலைத் தட்டினான். அந்த மனிதரும் என்னைப்போல வெள்ளந்தி ஆள் போலிருக்கிறது, உண்மையையே சொன்னார். கொஞ்சம் இறுகியிருக்கிறது. அம்மா செய்தால் தட்டை மேசையில் வைத்ததும் அது ஆடும். ஒரு துளி உப்பும் போடுவார். மற்றபடி அம்மா செய்கிற மாதிரியேதான்.

'மாதிரி'. ஜெர்மனில் சொன்னாலும் சொல் அதேதான். அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அசையாமல் நின்றார், அந்தத் தட்டில் இருந்ததைப்போல.

அப்போது மச்சாள் எழுந்தார். முதியோர் இல்லத்து ஜெர்மனில், மேல்மாடி மூதாட்டிக்குக்கூடக் கேட்டிருக்கும், சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்:

"எங்கள் வீட்டில் இதை இப்படித்தான் செய்வோம்."

பிறகு அக்கா பக்கம் திரும்பித் தமிழில்: "நீ பேசாம இரு. ஊரை விட்டு வந்து இவ்வளவு காலம் இஞ்ச இருக்கிற மனுசனுக்கு அங்க எப்பிடிச் செய்யிறவை எண்டு என்ன ஞாபகம் இருக்கப்போகுது? நான் எத்தினை வருசமாத் தின்னுறன், எனக்குத் தெரியாதே? இதுதான் ஹவுபியா."

இதைச் சொன்னவரும் ஊரை விட்டு வந்து எவ்வளவோ காலமானவர்தான் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் எதையோ மொழிபெயர்த்தாள், முழுதையும் அல்ல. சம்பந்தி பெரிதாகச் சிரித்தார். என் அக்காமாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லி, இன்னொரு துண்டை எடுத்தார். சட்டத்தை மீறியவருக்கு இரண்டாவது துண்டு கிடைத்தது அந்த வீட்டின் வரலாற்றில் அதுவே முதல்முறை. கல்யாணம் ஏறக்குறைய அந்தத் துண்டோடு முடிவாகிவிட்டது.

கோப்பியை எடுத்துவர நான் சமையலறைக்குப் போனேன். அக்கா குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தனியாக ஒரு துண்டைத் தின்றுகொண்டிருந்தார்.

"இறுகித்தான் போச்சு" என்றார். "அவர் சொன்னது சரி."

வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் துணிந்து, மச்சாள் உங்களை விட்டுக்கொடுக்கவில்லையே அக்கா, சந்தோஷம்தானே என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் முகம் மாறியது.

"எங்கட வீட்டிலயாம், தம்பி. கேட்டியளே? எங்கட வீட்டிலயாம். இனி ஹவாயும் மச்சாள்மாரின்ர வீடுதான்."

அவர் பயந்தது சில மாதங்களில் நடந்தது. கல்யாண மண்டபத்தில் பலகாரத் தட்டுகளின் வரிசையில் முதல் தட்டு ஹவுபியா. ஏந்திக்கொண்டு வந்தவர் மச்சாள். வீடியோக்காரரை நிறுத்தி, இதைக் கிட்ட எடுங்கோ என்று அவரே சொன்னார். அக்கா தன் தட்டு திரையில் வரவேண்டும் என்று எத்தனையோ வருடம் ஏங்கியவர். இப்போது அது வந்துவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். மகளை அனுப்புகிற அழுகையோடு அது கலந்துபோனதால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க ஹவுபியா. ஒருத்தி ஏலக்காய் போட்டாள். ஒருத்தி மேலே முந்திரிப்பருப்பு வைத்தாள். பிறந்தநாளுக்கு ரோஸ் நிறத்தில் வந்தது. மச்சாள் வீடு வீடாகப் போய் ருசி பார்த்து, தட்டை ஆட்டிப் பார்த்து, உப்புக் காணாது என்றார். உப்பு விஷயத்தைத் தான் அப்போதே நினைத்ததாகவும் சொல்லிக்கொண்டார். யாராவது நன்றாகச் செய்துவிட்டால் தீர்ப்பு இப்படி வரும்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ர தம்பி பெண்சாதி செய்யிற மாதிரி இல்லை."

பயற்றம் பணியாரத்துக்கு எங்கோ ஒரு செத்துப்போன பெண் இருந்ததுபோல, ஹவுபியாவுக்கு அக்கா ஆகிவிட்டார், உயிரோடு இருக்கும்போதே. இதைவிடப் பெரிய மரியாதை அந்தச் சனத்திடம் கிடையாது. அக்காவோ அன்றிலிருந்து ஹவுபியா செய்வதை நிறுத்திவிட்டார். ஒட்டரிசி மாப் பையை நாடாபோட்டுக் கட்டி மேல்தட்டில் வைத்துவிட்டார். மேசையில் 'மாதிரி'க்கும் தடை நீங்கிவிட்டது, ஆனால் சொல்வதற்குத் தட்டில்தான் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைப் பிஸ்கட் வைத்தார். அண்ணனும் நானும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றோம்.

படிப்பு முடிந்து எனக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அக்கா எஸ்-பான் ரயில் நிலையம்வரை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொப்பி போட்டுக்கொள்ளுங்கோ, ஜாக்கெட்டைத் திறந்து விடாதேங்கோ என்று வழக்கமான புத்திமதிகள். ரயில் வரும் நேரம், கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் யாராவது தமிழர் நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, படிச்ச ஆள் நீங்கள். ஐஸ்லாந்தில எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

"தெரியலையேக்கா. ஏன்?"

"அங்க தயிரில ஏதோ ஒரு இனிப்புச் செய்யினமாம். வாசிக்க நல்லாத்தான் இருக்கு." கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. "வடிவாத் தேடிப் பார்த்துச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை நான், ரயிலிலேயே தேடினேன். கிடைத்தும் விட்டது. ஐஸ்லாந்தில் எடுத்த ஒரு புகைப்படம். முழங்கால்வரை பனி. பின்னால் தகரக்கூரை வீடுகள். குளிர்க்கோட்டுக்கு மேல் பட்டுச்சேலை சுற்றிக்கொண்டு நம் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில், எல்லோரையும்விட உயரமாக ஒரு அம்மா. கையில் ஒரு பலகாரத் தட்டு. தட்டைக் காட்டுகிற அந்த மச்சாள் தோரணையை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

தேடிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று அன்று ஒரு செய்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் அதையே அனுப்புகிறேன். கேட்கிற இடைவெளியில், பனிக்காலம் முழுவதும், அவர் தயிர் உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அண்ணன் சொன்னார். நன்றாக வருகிறதாம்.